உங்கள் பெட்டையும் என் சேவலும்

என் அன்பான சண்டைக்காரச் சம்பந்திக்கு,

நலமா என்று கேட்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. கேட்டுவிட்டேன், பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜீவனஹள்ளியில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில், உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை இதில் என்னை உட்காரவிட்டதில்லை.

கூடவே படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் கிளிமூக்குக் கோழி வளர்ப்பவர்கள். சண்டைக்கு விடுகிற கோழி இல்லை, கண்காட்சியில் நிறுத்தி அழகு பார்க்கிற கோழி. மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் குட்டையாக வளைந்திருக்க வேண்டும், வால் நீண்டு தழைய வேண்டும், கண் வெள்ளையாக இருக்க வேண்டும். சம்பந்தியின் கோழிகளுக்கு மூக்கும் கண்ணும் சொல்லிவைத்தாற்போல் அமைந்திருக்கும், வால் மட்டும் தேய்ந்த துடைப்பம். இதே ஊரின் இன்னொரு மூலையில், ஈஜிபுராவில், என் வீட்டுச் சேவல்களுக்கு வால்தான் எல்லாம். அவற்றின் மூக்கைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.

உங்கள் பெட்டையோடு என் சேவலைச் சேர்த்தால் மூக்கும் வாலும் ஒரே கோழியில் வந்துவிடும் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? பெண் கேட்டு நீங்கள் என் வீட்டுக்கு வந்த அன்றுகூட விடவில்லை.

"என் பொண்ணையே குடுக்கறேன் சம்பந்தி, ஒரே ஒரு பெட்டை தரக்கூடாதா?"

"பொண்ணு குடுக்கறது ஊரு வழக்கம். பெட்டைய குடுக்கறது எந்த ஊர்லயும் கெடையாது."

காபி டம்ளரோடு சபையே சிரித்தது. என் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது நம் ஆட்களின் சட்டம்தான். சேவலை இரவல் தரலாம், பெட்டை வாசல் தாண்டக்கூடாது. வம்சம் பெட்டையில்தான் இருக்கிறது என்பது நம் நம்பிக்கை.

சரி, பெட்டை வேண்டாம், என் சேவலை உங்கள் மாடிக்கு அனுப்பட்டுமா என்றால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தீர்கள். "உங்க சேவலுக்கு செவந்த கண்ணு. ஒரு தடவ கலந்துட்டா என் கண்ணு போச்சு." அதைக் கேட்டு ஒரு தீபாவளிக்கு நான் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீங்களே பலகாரப் பையோடு ஈஜிபுராவுக்கு வந்து, என் சேவலின் வாலைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனீர்கள். மனசுக்குள் ஆசை இருந்ததுதானே? சொல்லியிருந்தால் என்ன?

இனி இங்கத்துச் சேதி. நீங்கள் போன மழைக்காலத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து மாடியைக் காலி செய்துவிட்டது. மிஞ்சியது உங்கள் கறுப்பு நிறக் கிழட்டுக் காகப்பெட்டை ஒன்றுதான். உங்கள் பிள்ளை பிரகாஷ், "இதையும் யாருக்காவது குடுத்துட்டு கூண்ட எடைக்குப் போட்டுடலாம்" என்றார். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கோழி என்றால் பிரியாணி.

வேண்டாம் என்று நின்றது யார் தெரியுமா? உங்கள் மருமகள், என் கவிதா. "மாமா, தொவச்ச துணி பூரா கலீஜ்" என்று தினமும் உங்களோடு மல்லுக்கு நின்றவள். எனக்குப் போன் செய்தாள். "அப்பா, உன் சேவல எடுத்துனு வா. மாமா கோழி என் கண்ணு முன்னாடி அழியக்கூடாது."

அந்தப் பெட்டையை ஈஜிபுராவுக்குத் தூக்கிப் போயிருக்கலாம். தடுக்க யாரும் இல்லை. மனசு கேட்கவில்லை சம்பந்தி. என் சேவலைத்தான் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன், உங்கள் வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக. கூடத்தில் உங்கள் படத்தைக் கடக்கும்போது கூடையைத் துண்டால் மூடிக்கொண்டேன். நீங்கள் வேண்டாம் என்றதை நீங்கள் இல்லாதபோது செய்கிறோமே என்று உறுத்தியது. வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

பொரித்த குஞ்சுகளில் ஒரு விடைச்சேவல் நான் கனவு கண்டபடியே வந்தது. மூக்கு உங்களுடையது, வால் என்னுடையது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அது வளர்ந்ததும் நானும் கவிதாவும் ஓசூர்ப் பக்கம் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். நடுவர் கையில் தூக்கி, "மூக்கு சூப்பருங்க, வாலு அதைவிட சூப்பரு" என்றார். பக்கத்தில் நின்றவர்களை நான் ஒரு பார்வை பார்த்தேன். பிறகு அவர் அதன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கண்ணுல செவப்பு ஓடுதே. எங்கயோ வெளி ரத்தம் கலந்திருக்கு." அவ்வளவுதான், ஓரமாக வைத்துவிட்டார்.

அந்த வெளி ரத்தம் நான்தான். நீங்கள் சொன்னது சொன்னபடியே நடந்தது. இதை நீங்கள் இருக்கும்போது ஒப்புக்கொண்டிருந்தால் ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பீர்கள். சொல்லிக் காட்ட ஆளில்லையே என்றுதான் அன்றைக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கவிதா கூண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கூடப் பொரித்த பெட்டைகளில் ஒன்றை மறுபடி என் சேவலோடு சேர்க்கலாம், வால் இன்னும் நீளும் என்று நான் ஆரம்பித்தேன்.

"வேணாம்பா. இவன அம்மாக்காரிகிட்டயே விடலாம். அப்போ மாமா கோழி கண்ணு திரும்பி வரும் இல்ல?"

மகனைத் தாயோடு சேர்ப்பது நம் தொழிலில் உள்ளதுதான், கோழிக்கு முறையெல்லாம் கிடையாது. வரலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "உன் சேவல் இதுக்கு மேல வேணாம்பா." பெற்றவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பெருமையாகவும் இருந்தது. நீங்கள் என்னிடமிருந்து அழைத்துப்போன பெண் முழுசாக உங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

ஆனால் அந்த அம்மாக்காரிக் கிழவி இறகு உதிர்த்துவிட்டு முட்டையே வைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். கவிதா கம்பும் முருங்கைக்கீரையும் கொடுத்துப் பிள்ளைத்தாச்சியைப்போலப் பார்த்துக்கொண்டாள். நான் ஈஜிபுராவிலிருந்து தினமும் போன் போட்டு, பேரப்பிள்ளைகளை விசாரிப்பதற்கு முன்னால் கிழவியை விசாரித்தேன். கடைசியில் கொஞ்சம் முட்டை வைத்தாள். எல்லாம் கூமுட்டை, ஒன்றைத் தவிர.

அந்த ஒற்றைக் குஞ்சு இப்போது கிழவியின் பின்னால் மாடி முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கு இப்போதே வளைகிறது. கண் இன்னும் கறுப்புதான். குஞ்சுக் கண் தெளிந்து நிறம் காட்ட மாசக்கணக்காகும், உங்களுக்குத் தெரியாததா? வெளுத்தால் உங்கள் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டுகிறேன். சிவந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, கிழவி இருக்கும்வரை மறுபடி முயல்கிறோம். உங்கள் வம்சம் இந்த மாடியை விட்டு இறங்காது, அதற்கு நான் பொறுப்பு.

என் சேவலின் ரத்தம் உங்கள் கோழியில் கலக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஆசைப்பட்டவன் நான். இப்போது அது மறைந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வரும்போதெல்லாம் அந்தக் குஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவன்,
தாமோதரன்