வேலிப் பலகையில் ஒரு சொல்

திருத்தணி, 1942 ஆகஸ்ட், வியாழக்கிழமை இரவு.

காலையில் வாசல் தெளிக்க வந்தபோது எங்கள் வேலிப் பலகையில் தாரால் ‘துரோகி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. என் கணவர் போலீஸ்காரர். நேற்று ரயிலடியில் ‘வெள்ளையனே வெளியேறு’ ஊர்வலத்தைத் தடியால் அடித்துக் கலைத்தவர்களில் அவரும் இருந்தார். இரவுக் காவல் முடிந்து அவர் வருவதற்குள் அழித்துவிட நினைத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தேன். வர்ணமே பூசாத வெறும் மரம். தார் உள்ளே இறங்கி இன்னும் கறுப்பாகப் பரவியது.

எதிர்வீட்டு கதீஜா அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று மண்டை உடைந்தவர்களில் அவள் மகனும் ஒருவன். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“எண்ணெ ஊத்தாதம்மா, மரம் குடிச்சிக்கினே போவுது. சொரண்டணும்” என்றாள். கண்ணாடித் துண்டு கொண்டுவந்து என்னோடு உட்கார்ந்து சுரண்டினாள்.

“பையன் எப்டிக்கா கீறான்?”

“கண்ணு தொறந்தான். கஞ்சி குடிச்சான்.”

வெயில் ஏறும்வரை இருவரும் சுரண்டினோம்.

தார் போய்விட்டது. ஆனால் வெயிலில் நரைத்த பலகையில் சுரண்டிய இடம் மட்டும் வெளுத்து, அதே சொல் வெள்ளையாகத் தெரிந்தது.

காவல் நீண்டு மதியம்தான் அவர் வந்தார். வேலியருகே நின்று படித்தார்.

“யாரு சொரண்டனது?”

“நானும் கதீஜா அக்காவுந்தாங்க.”

சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாமல் பலகை முழுவதையும் சுரண்டி முடித்தார். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பையனை அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.