துணை உணவு

மார்ச் 4, செவ்வாய்

சாம்பல் பூனை செத்துவிட்டது. வேலை முடிந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அது நடந்து வந்தது. தினமும் நடக்கிற சுவர்தான். முனையில் திரும்ப வேண்டும் — திரும்பவில்லை. நேராகக் காற்றில் காலை வைத்தது. சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

அண்ணி ஓடிவந்து, மண்டை பிளந்த அதை மடியில் போட்டுக்கொண்டார். என் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளை குட்டி இல்லை. முற்றத்துப் பூனைகள்தான் எல்லாம். நாலு பக்கமும் கட்டடம், வாசலில் இரும்புக் கதவு. அதுகள் வெளியே போவதில்லை. அண்ணி வைப்பதைத் தவிர வேறெதுவும் தின்பதுமில்லை. யாராவது மிச்சம் மீதியைப் போட்டால் சண்டைக்கே போவார்.

கொஞ்ச நாளாகவே அதுகள் சுவரில் முட்டிக்கொள்கின்றன. விளையாட்டு என்று நினைத்திருந்தோம்.

மார்ச் 6, வியாழன்

கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. கீழ்வீட்டுப் பெயிண்டர்தான் பூனைகளின் கண்ணைக் கெடுத்துவிட்டாராம். போன மாதம் அவர் பெயிண்ட் அடித்து ஈரமாகக் கிடத்தி வைத்திருந்த கதவின் மேல் பூனைகள் ஏறி நடந்துவிட்டன. "ஒரு நாள் இதுங்க கண்ணுல பெயிண்டு தின்னரை ஊத்துறேன் பாருங்க" என்று கத்தினார். எல்லாரும்தான் கேட்டோம். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம் என்பது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலையில் வெள்ளைப் பூனை படிக்கட்டில் திசை தெரியாமல் மிரண்டு, தூக்கப்போன அண்ணியின் முகத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்கு அடியிலிருந்து உதடு வரை. ரத்தம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "தம்பி, எல்லாத்தையும் குருடாக்கிட்டான்டா" என்றார்.

அவ்வளவுதான். என் கணவர் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார். வேலை பார்க்கும் பஸ் பணிமனையிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பானர் கதவுக்குப் பின்னால் இருந்தது, எடுத்துக்கொண்டு இறங்கினார். போகிற வழியில் கட்டடத்தில் குடியிருக்கும் டிரைவரும் ஜிம்காரனும் சேர்ந்துகொண்டார்கள்.

பெயிண்டர் முற்றத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதைடா ஊத்துன?"

"என்னண்ணே?"

"பூனைக் கண்ணுல எதை ஊத்துன?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த வாயிலேயே முதல் அடி. பல் தெறித்தது. கீழே விழுந்தவரை மற்ற இருவரும் விலாவில் மிதித்தார்கள். அவர் வலது கையால் தலையை மூடிக்கொண்டார். இவர் அந்தக் கையை அடித்தார். முழங்கையில், ஒரே இடத்தில், ஆணி அடிப்பது போல நிதானமாக. எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் வேறு பக்கமாக மடங்கியது.

"செத்துருவாருய்யா, விட்டுருங்கய்யா" என்று அவர் மனைவி இவர் காலைப் பிடித்தாள். உதறிவிட்டார்.

நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். "நிறுத்துங்க" என்று கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். கத்தினேனா?

மார்ச் 10, திங்கள்

இவர் சட்டையை ஊற வைத்தேன். தண்ணீர் சிவந்தது. மாற்றினேன். மறுபடியும்.

மார்ச் 12, புதன்

போலீஸ் வந்தது. பெயிண்டர் மனைவி இவரைக் கைகாட்டினாள், ஆனால் வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கட்டடத்தில் பூனைகளைத் தவிர ஆளே இல்லையாம். அதுகளுக்கும் கண் தெரியாது.

நானும் "சமையலறையில இருந்தேன் சார்" என்றேன்.

அவர்கள் போனதும் பெயிண்டர் மனைவி முற்றத்தின் நடுவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உங்க கண்ணெல்லாம் அவிஞ்சு போகும்டா!" பிறகு ஒரு பெயிண்ட் டின்னைத் தூக்கி எங்கள் ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி உடைந்து கூடமெல்லாம் சிதறியது. பெருக்கும்போது உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலித்தது, நன்றாக வலிக்கட்டும் என்றிருந்தது.

மார்ச் 15, சனி

இவர்தான் அனுப்பினார். "போலீஸ் மறுபடி வந்தா காட்டணும். கண்ணுல மருந்து ஊத்தியிருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

வெள்ளைப் பூனையைக் கூடையில் வைத்து அண்ணியும் நானும் போனோம். கால்நடை டாக்டர் விளக்கு அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வெளியிலேருந்து எதுவும் படலைம்மா. கண்ணு மேல ஒரு கீறல்கூட இல்ல. உள்ளே இருக்கிற திரைதான் செத்துப்போயிருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி." நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "இதயமும் வீங்கியிருக்கும் போலிருக்கே. என்ன சாப்பாடு போடுறீங்க?"

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "டப்பாவுல வர்ற மீனுங்க. ரெண்டு வருஷமா அதைத் தவிர வேற எதையும் வாயில வைக்க விட்டதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. நானோ தீவனம் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். கோழி எதைத் தின்றால் எது குறையும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் அந்த டப்பாக்களைக் கழுவிக் கழுவிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

மேலாளரிடம் கேட்டுக்கொண்டு நாலு டப்பாக்களை நானே சோதித்தேன். அண்ணி வாங்கும் வகைகள் எல்லாம்.

முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை நீக்கிப் பார்த்தால் புரதம் பிரமாதம். வெள்ளை மீன் சதை, ஏமாற்று எதுவும் இல்லை. கால்சியம் பேருக்குத்தான். டாரின் என்று ஒரு சத்து. பூனைக்கு அது சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும், அதன் உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இல்லாவிட்டால் கண் போகும், பிறகு இதயம். அந்த டாரின் இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். அதே எண்.

கம்பெனியைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் உண்மையைத்தான் போட்டிருக்கிறார்கள்: 'துணை உணவு. முழு உணவுடன் சேர்த்துக் கொடுக்கவும்.'

யாரும் எதையும் ஊற்றவில்லை. அண்ணி பாசமாகத்தான் ஊட்டினார்.

மார்ச் 22, சனி

அண்ணி கீழே போயிருந்த நேரம் பார்த்து இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போகக் கூடாது. அக்கா தாங்க மாட்டா."

"ஒரு மனுஷனோட கையை —"

அறைந்தான். இத்தனை வருஷத்தில் இல்லாதது. மேஜை விளிம்பில் என் காது மோதியது. கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினான். "யார்கிட்டயாவது சொன்ன, அவன் கையைவிட மோசமா ஆகும்." முகம் கோபமாகக்கூட இல்லை. அதுதான். நட்டு முறுக்குகிற முகம்.

கதவு திறந்தது. அண்ணி எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் — தெரியாது.

"நான் போட்டதாலயா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"இல்லக்கா, இவ உளர்றா" என்றான்.

"உன்ன கேக்கல. நீ சொல்லும்மா. நான் போட்டதாலயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அண்ணி திரும்பி நெற்றியைச் சுவரில் மோதினார். ஒரு தடவை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

நெற்றிக் கட்டோடு எழுந்து புடவை மாற்றினார். ஸ்பானரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். "வர்றியா?" என்றார். போனேன்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "யாரும்மா உங்களை அடிச்சது?" என்றார். அண்ணி பையை மேஜைமேல் வைத்தார்.

"பெயிண்டரை அடிச்சது என் தம்பி. அடிக்க வச்சது நான். ரெண்டையும் எழுதிக்குங்க."

நான் சமையலறையில் இல்லை, படியில் நின்று பார்த்தேன் என்று நானும் சொன்னேன்.

மாலையில் போலீஸோடு திரும்பினோம். அவனுக்கு அதற்குள் சேதி போயிருந்தது. கூடத்தில் ஒரு பாத்திரம் மிச்சமில்லை. வெள்ளைப் பூனை அலமாரிக்கு அடியில் செத்துக் கிடந்தது. உதைத்ததா, அலமாரி விழுந்ததா, கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போகும்போது "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அவர் குனிந்து பூனையை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

மிச்சமிருக்கும் ஆறு பூனைக்கும் முழு உணவு மாற்றியாயிற்று. இதயம் தேறலாம், கண் திரும்பாது என்கிறார் டாக்டர்.

ஏப்ரல் 19, சனி

பெயிண்டர் கிடக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராதீர்கள் என்று அண்ணியிடம் கெஞ்சினேன், கேட்கவில்லை.

பெயிண்டர் மனைவி பார்த்ததும் எழுந்து வந்து அண்ணியை அறைந்தாள். ஆறாத கீறல் திறந்துகொண்டது. அண்ணி அசையவில்லை. இன்னொன்று. வார்டே திரும்பிப் பார்த்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது கட்டிலிலிருந்து பெயிண்டர், பல் போன வாயால், "விடு. அடிச்சா கை வந்துருமா?" என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியும் எதிரில் உட்கார்ந்தார். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. நாங்களும் போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வழக்கு அடுத்த மாதம். நான் சாட்சி. அவன் வக்கீல் மூலம் சொல்லி அனுப்பியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காதுதான் சரியாகக் கேட்கிறது.

மதியம் பள்ளிக்கூடம் பக்கம் போனேன். பெயிண்டருக்கு அங்கே சுற்றுச்சுவர் வேலை கிடைத்திருக்கிறது. வலது கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. கீழ்ப்பாதியை இடது கையால் அடித்து முடித்திருந்தார். மேல்பாதிக்கு ஏணியில் நிற்பது அண்ணி. புடவையை இழுத்துச் செருகி, முடியெல்லாம் மஞ்சள் புள்ளியாக. இது இரண்டாவது வாரமாம். என்னிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அண்ணியிடம் பேசுவதில்லை. "மேல" என்கிறார். "கோடு தெரியுது, மறுபடி" என்கிறார். ஒரு அம்மா இல்லை, ஒரு அக்கா இல்லை. அண்ணியும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை.

தரை மேடுபள்ளம். இரும்பு ஏணி. நான் எதிர்ப்பக்கம் வெயிலில் வெகுநேரம் நின்றேன். அண்ணி மேலே இருந்தவரைக்கும் அவர் ஏணியிலிருந்து இடது கையை எடுக்கவில்லை.