குதிரை போகும் கட்டம்

ஞாயிறு, திண்டிவனம்

இன்று விழுப்புரத்தில் செஸ் போட்டி தொடங்கியது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. சங்கச் செயலாளர் என்பதால் முதல் காயை நானே நகர்த்த வேண்டியதாயிற்று.

"நம்ம கிராண்ட்மாஸ்டர் சாரே ஆரம்பிச்சி வைப்பாருங்க" என்று நடுவர் சேகர் மைக்கில் சொன்னார்.

வழக்கம்போல் வெள்ளைக் குதிரையை எடுத்தேன். முன்னால் நின்ற சிப்பாயைத் தாண்டி நேராக வைத்தேன். அரங்கமே சிரித்தது.

"சார் தமாஷ் பண்றாருப்பா!" என்று சேகர் குதிரையைச் சரியான கட்டத்துக்கு மாற்றினார். நானும் சிரித்தேன். அவர் மாற்றிய பிறகும் நான் செய்த தப்பு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், புதிதாக ஆடுபவர்களுக்காக நான் எழுதிய புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

"வந்ததுலேர்ந்து என்னங்க படிச்சிக்கினே இருக்கீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"அடுத்த பதிப்புக்குப் பிழை திருத்துறேன்" என்றேன்.

குதிரை எப்படிப் போகும் என்று காட்டும் படத்தைப் பலமுறை பார்த்தேன். பிறகு அதை இடது கையால் மூடிக்கொண்டு, பலகையில் குதிரையை நகர்த்தி வைத்தேன். சரியா என்று பார்க்க வேண்டும். இதை எழுதும்போதும் இடது கை படத்தின் மேல்தான் இருக்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது.