நான் டிக் போட்ட கேள்வி

நவ. 9, ஞாயிறு
வெள்ளி, சனி விடுமுறை முடிந்து பள்ளி. காலையிலிருந்து தூசிக் காற்று. குவைத்தில் எங்கள் அப்பாசியா முழுக்க மஞ்சள். துணி காயப்போட வழியில்லை.

புதன்கிழமை பள்ளிக்கு ஆய்வுக் குழு. அறிவியல் நோட்டுகள் சரியாக இருக்க வேண்டுமாம், சூப்பர்வைசர் மேடம் உத்தரவு. முக்கியமாகக் கடைசிப் பக்கங்கள். என்ன கற்றேன், எது புரியவில்லை என்று பிள்ளைகள் வாராவாரம் தாங்களே யோசித்து எழுதும் பகுதி. எட்டு-பியில் பாதிப் பேர் எழுதவே இல்லை. எழுதியதை நான் படித்ததும் இல்லை. டிக், கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

இன்று போர்டில் நானே நாலு பத்தி எழுதிப் போட்டேன். "முதலில் கடினமாக இருந்தது, பிறகு புரிந்தது" என்கிற மாதிரி. காப்பி பண்ணி, பழைய தேதி போடச் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வாங்க வேண்டியவை: குப்பூஸ் ரொட்டி, தயிர், சிவப்புப் பேனா.

நவ. 10, திங்கள்
ஸஃப்னா மட்டும் காப்பி பண்ணவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் மகள், கீழக்கரைக் குடும்பம். அதிகம் பேசாத பெண். அவள் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு படம், அடித்தல் திருத்தல், கேள்விக்குறி. குழு பார்த்தால் நன்றாக இருக்காது. கிழித்துவிட்டு போர்டில் உள்ளதை எழுதச் சொன்னேன்.

"மிஸ், இது நானே யோசிச்சு எழுதுனது."

"தெரியும்மா. நீட்டா இருக்கணும்ல, அதான்."

ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்தாள். என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பையில் போட்டுக்கொண்டேன்.

நாளை யூனிட் டெஸ்ட். தலைவலி.

நவ. 12, புதன்
குழு வந்து போயிற்று. ஆறு நோட்டு பார்த்தார்கள். அதில் ஸஃப்னாவுடையதும் ஒன்று. பிள்ளைகள் நன்றாகச் சிந்திக்கிறார்களாம். மேடம் கைகொடுத்தார்.

வீட்டில் பையைக் காலி பண்ணும்போது அந்தப் பக்கம். இப்போதுதான் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். விஷயம் இதுதான்:

"முதல் பல்பு கரண்டைச் செலவழித்துவிடும், அதனால் இரண்டாவது மங்கலாக எரியும் என்று மிஸ் சொன்னார். வாப்பா கடையில் ஒரே மாதிரி இரண்டு பல்பு எடுத்து வரிசையாக இணைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. இடம் மாற்றியும் பார்த்தேன். நான் எங்கே தப்புச் செய்தேன்?"

கீழே என் டிக். 'குட்'. என் கையெழுத்து.

இவரிடம் கேட்டேன். எண்ணெய்க் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். தட்டிலிருந்து தலை நிமிராமல், "ரெண்டுலயும் ஒரே கரண்டுதான் போகும். அது எப்படிச் செலவாகும்?" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றதும் குழம்பு எடுக்க உள்ளே போனேன்.

நான் படித்தது தாவரவியல். ஆள் இல்லை என்று இயற்பியலும் எடுக்கிறேன். மூன்று வருடம். மூன்று வருடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.



நவ. 13, வியாழன்
வகுப்பில் சொல்லிவிடலாம் என்று போனேன். அடுத்த பாடத்தை நடத்திவிட்டு வந்தேன்.

மதியம் டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். இரண்டு பல்பு கேள்வி வந்திருக்கிறது. விடைக்குறிப்பு வேறொரு ஆசிரியர் போட்டது, அதில் சரியாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் நான் சொன்னபடி எழுதியிருக்கிறார்கள். ஸஃப்னாவும். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, "இரண்டாவது மங்கலாக எரியும்" என்று.

அவள் விடையையும் நானே தப்பென்று அடித்தேன்.

நவ. 16, ஞாயிறு
தூசி அடங்கிவிட்டது. பேட்டரி, இரண்டு பல்பு எடுத்துப் போனேன். எரிய வைத்துக் காட்டினேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, ஸஃப்னா முன்பே கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். காதெல்லாம் சூடு. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சாரிம்மா. தப்பு என்னோடது. இனிமேலும் இந்த மாதிரி எழுது. நான் படிக்கிறேன்."

"பரவாயில்ல மிஸ். போர்டுல போடுறதையே எழுதிக்கிறேன். அதுதான் ஈஸியா இருக்கு."

மரியாதையாகத்தான் சொன்னாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.