மடித்துப் பார்க்காமல் வெட்டிய கேபிள்

ஆமர்ஸ்ஃபோர்ட்
ஜூன் 14

அன்புள்ள யோரிண்டேக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே பறவைக் கணக்கெடுப்பில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், குறைந்தபட்சம் காய்ந்த காலுறையோடாவது இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், பூனை நலம், பக்கத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்து தாயும் சேயும் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதி எழுதிப் பழகிய வரி. இந்த முறை அதை எழுதவில்லை. கடைசிப் பக்கம் வரை உன்னைக் காக்கவைப்பது கொடுமை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நோய் வந்திருக்கிறது, குணமாகிற நோய் இல்லை. நரம்புகள் செத்துத் தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும் நோய். ஜனவரியிலிருந்து எங்களுக்குத் தெரியும். திரையில் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் காபிக் கோப்பையைக் கேமராவுக்கு முன்னால் நகர்த்தி நகர்த்தி வைத்தேன். உன்னிடம் மறைத்ததற்கு முதல் காரணம் அவர், இரண்டாவது காரணம் நான். கோபப்படு, ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவர் காதில் விழ இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

இது தொடங்கியது அந்தப் பச்சை மடிப்பு சைக்கிளில்தான். நவம்பரில் ஒரு நாள் பாடம் நடத்திவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர், கியர் லீவர் இறுகிப்போச்சு, கேபிள் துருப்பிடிச்சிருக்கும், ஒரு பார்வை பாரேன் என்றார். நம் தெரு ஏற்றத்தில் கியரை இறக்காமல் வரமுடியாது என்று உனக்குத் தெரியும், அன்று அவர் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். காது கேட்கும் கருவிகளைப் பொருத்திப் பிழைக்கிறவள் நான், சின்னத் திருகாணி எனக்குப் பயமில்லை. பழைய கேபிளை உருவிவிட்டுப் புதிது போட்டேன், லீவரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். பிறகு சோதித்துப் பார்க்க என் சுண்டு விரலால் தள்ளினேன், போனது. உருவிய பழைய கேபிளையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், துரு இல்லை, ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்புறம் உள்ளே போய், இப்ப சரியாயிடுச்சு என்று அவரிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அவர், ஆமா, இப்ப பரவாயில்லை என்றார். கல்யாணமான இத்தனை வருடங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்ன பொய்களில் எனக்கு மறக்காமல் இருப்பவை இந்த இரண்டும்தான்.

டிசம்பரில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஜனவரியில் மருத்துவமனை. அந்த டாக்டர் உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், காகிதத்தில் படம் போட்டு, தசை நன்றாகத்தான் இருந்தது, மூளை சொல்வது அதற்குப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் இளைத்துப்போகிறது என்று விளக்கினாள். அப்பா, அப்ப கியரு நல்லா இருக்கு, கேபிள்தான் போச்சு, அப்படித்தானே என்று கேட்டார். அவள் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, ஆமா சார், ஆனா மாத்திப் போட முடியாத கேபிள் என்றாள். எத்தனை காலம் என்று நான்தான் கேட்டேன். இரண்டு வருடம், மூன்றாகவும் இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்றாள். ரயிலில் திரும்பி வரும்போது அப்பா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று உன்னைப் பற்றி. அவ பறவைங்கள எண்ணி முடிக்கட்டும், அக்டோபர் வரைக்கும் வாயைத் திறக்காதே, இப்ப சொன்னா மறுநாளே விமானம் ஏறிடுவா, அப்புறம் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிக்கும் என்றார். இரண்டாவது, நிலையம் வரை சைக்கிள், அங்கே மடித்து ரயில் என்று வழக்கம்போலப் பள்ளிக்குத் தானே போய்த் தானே வருவேன் என்றார். என்னைக்கு ஒருத்தர் கூட்டிட்டுப் போகணுமோ அன்னைக்கு வேலையை விட்டுடறேன் என்றார். காரில் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆக, என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான் மிச்சம், சைக்கிளை அவருடைய கைக்கு ஏற்ப மாற்றுவது.

அடுத்த வாரம் ஹெர்பனின் சைக்கிள் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் வழக்கம்போல, என்ன காது டாக்டரம்மா, சைக்கிளுக்கும் காது கேக்கலையா என்றார். வலதுகைப் பக்கம் இருக்கும் எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், இரண்டு பிரேக்கும் ஒரே லீவரில் வரவேண்டும், கியரைக் கட்டைவிரல் இல்லாமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும், கைப்பிடி உயரமாக வளைந்து வரவேண்டும், முன்னால் குனிந்து கையில் பாரம் போடக்கூடாது என்று பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்ததைப் படித்தேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் பின்கட்டுக்குப் போய் ஒரு இழுப்பறையையே கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒத்தைக் கைக்காரங்க நீ நினைக்கறதவிட நிறைய பேரும்மா, எல்லாருக்கும் ஊரைச் சுத்தணுமே என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றபோது அவர் மறுக்கவில்லை. வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார், வண்டியை மடிச்சுப் பாத்துட்டு கேபிளை வெட்டு என்று. சரி என்றேன். மனிதர்களுக்குக் காது கேட்க வைப்பது என் தொழில், அந்த வாக்கியம் என் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை சமையலறையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி வேலையைத் தொடங்கினேன். பழைய நேரான கைப்பிடியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன், ஒரு சாண் உயரமாக நின்றது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, தான் பதின்மூன்று வருடம் ஓட்டிய வண்டியைப் பேரம் பேச வந்தவர் போலக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். மாட்டுக்குக் கொம்பு வெச்ச மாதிரி இருக்கு, என் பசங்க சிரிப்பானுங்க என்றார். கேபிள்கள் காற்றில் தொங்கினால் அவருக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியுமே, டிவியின் பின்னால் இருக்கும் ஒயரைக்கூடக் கட்டி வைக்கிறவர். அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஒவ்வொன்றையும் கைப்பிடியோடு ஒட்டி அளந்து, கொஞ்சம்கூடத் தொய்வில்லாமல் கட்டரால் வெட்டினேன். ஞாயிறன்று தெருவைச் சுற்றி வந்தார். ஏற்றத்தில் இறங்காமல் வந்தார், வாசலில் நின்ற என்னைக் கடந்துபோகும்போது மணியை அடித்தார். அந்த மணிச் சத்தத்துக்காக நான் அந்த வாரம் முழுக்க என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஞாயிறன்று வண்டியை ஒருமுறைகூட மடித்துப் பார்க்கவில்லை. வீட்டில் மடிக்க அவசியம் ஏது.

திங்கள் காலை ஏழே காலுக்கு ரயில் நிலையத்தில் மடிக்கப் போயிருக்கிறார். கைப்பிடியின் கீலைத் திறந்து பக்கவாட்டில் சாய்த்தால் பாதியில் நின்றுவிட்டது, கேபிள் நீளம் போதவில்லை. அவசரத்தில் இழுத்திருக்கிறார், கியர் கேபிள் லீவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நேரத்து ரயிலில் மடித்த சைக்கிளைத்தான் ஏற்றலாம். நடத்துனர் அப்பாவுக்கு வருடக் கணக்காகத் தெரிந்தவர்தான். வீட்ஸே சார், எனக்கே சங்கடமா இருக்கு, மடிக்காத வண்டியை ஏத்துனவங்கள நீங்களே எத்தன தடவ என்கிட்ட பிடிச்சுக் கொடுத்திருக்கீங்க என்றாராம். அப்பா, சரிதான், என்னையும் எழுதிக்கோங்க என்று சொல்லிவிட்டு நடைமேடையிலேயே நின்றுவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்தால் அவர் கொம்பு வைத்த அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். மடிப்பு சைக்கிள்ல மடிக்கறத மறந்த ரெண்டே பேரு நாமதான் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். அப்போது அவர், நீ அழாதே, கேபிள் நீளமா இருந்தாலும் என்னால மடிச்சிருக்க முடியாது என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னார். கைப்பிடிக் கீலை எப்படியோ இடது கையால் திறந்துவிட்டாராம், நடுச் சட்டத்துக் கீலின் திருகுப்பிடியைத் திருப்ப முடியாமல் போய் ஆறு வாரம் ஆகிறதாம். பேக்கரியில் வேலை செய்யும் டினேகா என்ற அம்மாள் தினமும் அதே ரயிலுக்கு வருகிறார், அவர்தான் தினமும் மடித்துக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் அந்த அம்மாள், குடுங்க இப்படி, ஆம்பளைங்க ஜாடி மூடியத் திறக்கறதுக்கும் கூட்டம் போடுவீங்க என்று பிடுங்கி மடித்தாராம். அதற்குப் பிறகு அப்பா கேட்டதும் இல்லை, அவர் விட்டதும் இல்லை. அன்று திங்கள் டினேகாவுக்கு விடுமுறை. நான் ஓட்டுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன் யோரிண்டே. அவர் கையைவிட்டுப் போனது மடிப்பது, அதை என்னிடம் சொல்ல முடியாமல் ஒரு அந்நியப் பெண்ணிடம் கொடுத்திருந்தார். இந்த ஊரில் ஒருவர் பக்கத்து வீட்டில் முட்டை கேட்கவே மூன்று முறை யோசிப்பார், அப்படிப்பட்ட ஊரில் அவர் ஆறு வாரம் அந்த அம்மாள் முன்னால் வண்டியோடு நின்றிருக்கிறார்.

அன்று நான் விடுப்பு எடுத்தேன். ஹெர்பனிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அவர் நான் சொன்னேனே என்று சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்கு ஆயுளுக்கும் பிடிக்கும். இரண்டு திருகுப்பிடிகளிலும் ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், முன்னங்கையால் தட்டினாலே திறக்கும். கேபிள்களை இந்த முறை மடித்த நிலையில் அளந்தேன். மடிக்காதபோது அவை முன்னால் வளையம் வளையமாகத் தொங்கின, அப்பா பார்த்துவிட்டு நூடுல்ஸ் என்று பேர் வைத்தார், ஆனால் கட்டச் சொல்லவில்லை. பிப்ரவரி பாதியிலிருந்து மே வரை அவர் தானாகவே மடித்தார், தானாகவே ரயில் ஏறினார். டினேகா கோபித்துக்கொண்டு, எனக்கு இருந்த ஒரே உடற்பயிற்சியையும் பிடுங்கிட்டீங்களா என்றாராம். மூன்று மாதம். நான் என் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைக்கிறேன், மூன்று மாதம்தான் உழைத்தது என்றாலும்.

ஏப்ரல் கடைசியில் இடது கையிலும் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பேரை அவர்தான், இங்கே எல்லார் வீட்டிலும் போலக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் எழுதினார், பாதி எழுத்து மேலே, பாதி கீழே. அந்த நாட்காட்டியில் ஆண்டு போடுவதில்லை, இறந்துபோன மனிதர்களின் பெயரும் அப்படியே அதில் இருக்கும், இத்தனை நாள் அது எனக்கு உறுத்தியதில்லை. மே மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து, நடையில் சைக்கிளை மடித்து வைத்தார். நெடுநேரம் ஆனது, நான் உதவிக்குப் போகவில்லை, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். மடித்து முடித்துவிட்டு உள்ளே வந்து, சரி, அவ்வளவுதான் என்றார். திங்கள்கிழமை பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னார். மாணவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு சைக்கிள் மணியை அனுப்பியிருந்தார்கள், அதைச் சன்னலில் வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த வண்டியை யோரிண்டேக்கு ஏத்த மாதிரி மாத்து என்றார். லீவரைத் திரும்பவும் வலப்பக்கம் கொண்டுபோ, அவளுக்குக் கை நீளம், கைப்பிடியை முன்னால தள்ளணும், அளவு கேட்டு எழுது என்றார். அளவு கேட்டா எதுக்குன்னு கேப்பா என்றேன். ரொட்டியைப் பிய்க்க முயன்றுகொண்டே இருந்தார். கடைசியில் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அப்ப எதுக்குன்னும் எழுதிடு என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னை வரச்சொல்லி எழுதக்கூடாது என்று அதற்குப் பிறகு இரண்டு முறை சொல்லிவிட்டார், நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் வா என்று நான் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, பாறைமேல் தனியாக ஏறாதே, இதைப் படித்த அன்று தனியாகப் படுக்காமல் யாராவது தோழியின் அறைக்குப் போ. உன்னை நினைத்து நாங்கள் பெருமைப்படாத நாள் கிடையாது, அது நோய்க்கு முன்னாலும் அப்படித்தான், இனிமேலும் அப்படித்தான். நீ எங்கே இருந்தாலும் உன் கால் நல்ல தரையில் படட்டும்.

மறக்காமல் அளவை அனுப்பு. தோளிலிருந்து மூடிய முஷ்டி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதினால் போதும் என்கிறார் அப்பா. ஹெர்பனைக் கேட்டேன், காகித அளவெல்லாம் சும்மா, ஆள் வந்து வண்டிமேல உக்காந்தாத்தான் கைப்பிடி சரியா வரும் என்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. புதுக் கேபிள் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை.

என்றும் உன்
அம்மா