கோடிச் சேலையை மறித்த லாரி

என் உசிரான தனபாக்கியம் அக்காவுக்கு,

பெரம்பலூரிலிருந்து உன் தங்கச்சி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். மறதி மட்டும் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

உனக்கு வருஷத் திதி வருகிறதாம். உன் மகன் முருகேசன் போன் போட்டான். "சித்தி, கார் அனுப்புறேன், வந்துடுங்க" என்றான். "கார் வர்றதுக்கு ரோட்டுல எடம் வுட்டு வச்சிருக்கியாடா?" என்றேன். போனை வைத்துவிட்டான்.

நீ போன அன்று நடந்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன்.

அண்ணன் போனபிறகு பிறந்த வீடு என்று உனக்கு மிஞ்சியது நான் ஒருத்திதான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் நம் சனத்தில் எந்தப் பெண்ணையும் தூக்குவதில்லை. சேதி வந்ததும், கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்று, உனக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் சேலை எடுத்தேன். பெரம்பலூரில் இன்றைக்கு எது இல்லை? தெருவுக்கு ஓர் ஆஸ்பத்திரி, திரும்பின பக்கமெல்லாம் காலேஜ், மலையை மாவாக அரைக்கிற கிரஷர். ஆனாலும் "ரயில் கூவாத ஊரும் ஒரு ஊரா?" என்று அரியலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நீ நொடிப்பாயே, அதை நான் மறக்கவில்லை. ரயில் கூவாத ஊரிலிருந்து பஸ்ஸில்தான் கிளம்பினேன்.

சோளக்காடும் பருத்திக்காடும் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. உன் ஊர் நெருங்க நெருங்க வேப்பிலைகூட வெள்ளையாகிவிட்டது. சிமெண்டுத் தூசி. மூச்சு விட்டால் தொண்டையில் சுவர் எழும்பும் போல இருந்தது. தூ! அதிலேதான் பஸ் நின்றது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், பேக்டரி எடைமேடையில் எடை போட ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றன.

"ஆயா, இது இப்ப நவுராது. எறங்கி ஒரு டீ குடிங்க" என்றான் கண்டக்டர்.

"எழவுக்குப் போறவ டீயா குடிப்பா? வழிய வுடு" என்று இறங்கி நடந்தேன்.

ரோட்டுக்குக் குறுக்கே மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு லாரி நின்றது. நெற்றியில் கொட்டை எழுத்தில் 'தனபாக்கியம் துணை' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வண்டிக் கதவைத் தட்டினேன். "யாரு வண்டிடா இது?" என்றேன். டிரைவர் சொன்னான்: "முருகேசன் மொதலாளிதுங்க. அவுங்க அம்மா எறந்துட்டாங்க. ஆனா லோடு நிக்கக் கூடாது, எறக்கிட்டு எழவுக்கு வாங்கன்னுட்டாரு."

கேட்டாயா அக்கா? உன் பேரை எழுதிய வண்டிதான் உன் கோடியை மறித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. உன் மருமகள் ஓடிவந்தாள். "நேரமாச்சுன்னாங்க சின்னத்த. நாங்களே ஒன்னு எடுத்து, உங்க வூட்டுக் கோடின்னு சொல்லிப் போட்டுட்டோம்."

"என்ன கலரு?"

"கவனிக்கலீங்களே."

உன்னை எந்த நிறத்தில் அனுப்பினார்கள் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய முருகேசன், "ஒரு சேலைக்கா சித்தி இவ்வளோ கோவம்?" என்றான். லாரி ஓடினால் ஊர், நின்றால் அது பிணம் என்று நினைக்கிறவனிடம் என்ன பேச? தண்ணீர்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் மறைக்க முடியாது. நீ படுத்துவிட்டாய் என்று நாலு நாள் முன்னாலேயே சேதி வந்தது. அந்தத் தூசிக்குள் எவள் போவாள் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ரயில் கூவாத ஊர் என்ற உன் பழைய சொல்லும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. என்னைத் தேடினாயா அக்கா? கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.

திதிக்கு வரமாட்டேன். சேலை மடிப்புக் கலையாமல் என் பெட்டியில் இருக்கிறது. நான் போகும்போது அதை எனக்குப் போர்த்தவேண்டாம், கையில் கொடுத்து அனுப்பு என்று என் மருமகளிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். நான் வரும் வழியில் எடைமேடை கிடையாது.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்த தங்கச்சி,
செல்லம்மாள்