தூக்கத்துக்கு ஆறு புட்டி

என்னங்க,

“ராத்திரி தூங்கினீங்களா?” என்று காலையில் கேட்டேன். “அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேம்மா” என்றீர்கள். “அப்போ மிக்சியைக் கழட்டிப் போட்டது யாரு, பூனையா?” என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டீர்கள். ரிட்டயரான எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் வரட்டும். எனக்கு மிக்சி வேண்டும். சாயங்காலத்துக்குள் திரும்பப் பூட்டி வையுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகிறேன். கூப்பிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள். தூக்கம் வரும், தெம்பு வரும் என்று நீங்களாக வாங்கி அடுக்கிய ஆறு புட்டிகளும் என் பையில் இருக்கின்றன, தேடாதீர்கள். உங்கள் பிரஷர் மாத்திரையோடு எது ஒத்துப்போகும் என்று அவரே சொல்லட்டும். எதிர்வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் போட்டு வைக்க உங்கள் வயிறு என்ன மருந்துக்கடையா?

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. மதியத்துக்கு மேல் காபி கிடையாது. பொடி டப்பாவை ஒளித்துவிட்டேன்.

பி.கு.: நீங்கள் ஹாலுக்கு வாங்கிய கட்டிலை இன்று கடைக்காரர் கொண்டுவருகிறாராம். இப்போதுதான் போன் வந்தது.

“நான் புரண்டா உன் தூக்கம் கெடும்” என்று தலையணையோடு ஹாலுக்குப் போனீர்களே, அன்றிலிருந்து நானும் சரியாகத் தூங்கவில்லை. நீங்கள் எட்டிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன், அவ்வளவுதான். இந்த வயதில் இதை வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது கேட்கிறேன். கட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு நம் அறைக்கே வந்துவிடுங்கள். புரள்வதை என் பக்கத்திலேயே புரளுங்கள்.